எடையில் நான் இல்லாத படகு

போடியில் ஏலக்காய் ஒரு வருஷம் நல்ல விலைக்குப் போனால், அடுத்த வருஷம் ஊரில் என்னென்ன புதிதாக வந்து இறங்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். நிலம், நகை, ஜீப், இருக்கிற மாடிக்கு மேல் இன்னொரு மாடி. இந்த வரிசையில் பாய்மரப் படகு கிடையாது. எங்களுக்கு மூன்று பக்கமும் மலை. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் விடிவதற்கு முன் கிளம்பி, மதுரையைத் தாண்டி, அதற்கப்புறமும் இரண்டரை மணி நேரம் போக வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் என் வீட்டுக்காரர் படகு வாங்கப் போகிறார் என்ற செய்தி கசிந்தால் சும்மா விடுவார்களா? முதலில் வந்தவர் என் கொழுந்தனார்.

“என்ன மதினி, அண்ணே படகு வாங்குறாராமே. கொட்டகுடி ஆத்துல விடப் போறீங்களா? ஆத்துல தண்ணி வர்ற அன்னைக்குச் சொல்லி விடுங்க, கொடியசைக்க வர்றேன்.”

“மொதல்ல உங்க தோட்டத்து ஜீப்புக்கு டயர மாத்துங்க. அப்புறம் வந்து கொடியசைங்க” என்றேன்.

எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். இதை மற்றவர்கள் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். குரங்கணிக்கு மேலே எங்களுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் இருக்கிறது. காய் பறிக்க ஆள் விடுவது, பறித்த காயை ஸ்டோர் என்று நாங்கள் சொல்கிற உலர்த்தும் கொட்டகையில் சூடு போட்டுக் காயவைப்பது, சலித்துத் தரம் பிரிப்பது, எடை போட்டு மூட்டை கட்டுவது எல்லாம் என் பொறுப்பு. அதைப் போடி ஏல மையத்தில் விற்றுவிட்டு வருவது மட்டும் அவர் வேலை. பத்துப் பதினைந்து பெண்களை மலைச்சரிவில் வைத்து வேலை வாங்குகிறவளுக்கு வாய் இல்லாவிட்டால் காய் செடியிலேயே வெடித்துவிடும்.

படகு ஆசை எங்கள் பெரிய மகளிடமிருந்து தொற்றியது. அவள் தூத்துக்குடியில் கல்லூரி இரண்டாம் வருஷம் படிக்கிறாள். அங்கிருந்து தெற்கே ஒரு கடற்கரை ஊரில் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக் கொடுக்கிறார்கள் என்று வாரக் கடைசியில் போக ஆரம்பித்தாள். ஒருநாள் ஒரு வீடியோ அனுப்பினாள். இரண்டு பக்கமும் ஒடுக்கமான இரண்டு மிதவைகள், நடுவில் கட்டிலுக்குக் கயிறு பின்னியது போல விறைப்பாக இழுத்துக் கட்டிய ஒரு வலை, அதன் மேல் நீட்டி உட்கார்ந்துகொண்டு என் மகள். எஞ்சின் கிடையாது, சத்தம் கிடையாது. கட்டமரான் என்று பெயராம். நம்முடைய கட்டுமரத்திலிருந்து போன பெயர்தான் என்று என் வீட்டுக்காரர் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னதன் பலன், நாங்கள் நாலு மரக்கட்டையை வாங்கிக் கட்டப் போகிறோம் என்று பாதி ஊர் நம்பிவிட்டது.

அந்த வீடியோவுக்குப் பிறகு மனிதர் தொலைந்தார். ஸ்டோரில் சூடு பார்க்கிறேன் என்று உட்கார்ந்து போனில் படகு பார்ப்பார். இராமேஸ்வரத்தில் முழங்காலுக்கு மேல் கடலில் இறங்காதவர், ஆறே மாதத்தில் காற்றுக்கு எந்தப் பக்கம் பாயைத் திருப்புவது என்று எனக்குச் சோற்றுக் கரண்டியை வைத்து விளக்கம் சொன்னார். நான் கேலி செய்துகொண்டே கேட்டேன். ஆனால் ஒன்று. அந்த வீடியோவை அவர் பார்த்ததைவிட நான் அதிகம் தடவை பார்த்திருக்கிறேன். மலையிலிருந்து ஜீப் இறங்கும்போதும், ஆள் வருவதற்காகக் காத்திருக்கும்போதும் அதைத்தான் போட்டுப் பார்ப்பேன். அந்த வலையின் மேல் உட்கார வேண்டும் என்று எனக்கு ஒரே ஆசை. நாற்பத்தாறு வயதில் இதை எப்படி வெளியில் சொல்வது என்று தெரியாமல் சொல்லாமல் இருந்தேன். அதுதான் நான் செய்த தப்பு.

மகளுக்குக் கற்றுக் கொடுத்தவரே படகும் விற்கிறவர். எந்தப் படகு உங்களுக்குச் சரியாக வரும் என்று பார்க்க வேண்டும், குடும்பத்தில் ஒவ்வொருவர் எடையும் எழுதி அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார். எங்களுக்கு எடை போடுவது புதிதா என்ன? ஸ்டோரில் மூட்டை போடுகிற தராசு இருக்கிறது. அவர் ஏறி நின்றார், பள்ளிக்கூடம் விட்டு வந்த சின்ன மகளை ஏற்றினார், பெரியவளிடம் போனில் கேட்டு எழுதிக்கொண்டார். நான் பத்தடி தள்ளி உட்கார்ந்து காய் சலித்துக்கொண்டிருந்தேன். இப்போது கூப்பிடுவார், இப்போது கூப்பிடுவார் என்று மடியில் கிடந்த தூசியைக்கூடத் தட்டிவிட்டுக்கொண்டேன். கூப்பிடவில்லை. அன்று சாயங்காலம் வீட்டு வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. அப்பா 64, பெரியவள் 51, சின்னவள் 34, மொத்தம் 149, படகுக்காரருக்கு அனுப்பிவிட்டேன்.

கூட்டல் சரியாகத்தான் இருந்தது.

“நான் எங்க?” என்று கேட்டேன்.

அவர் உண்மையிலேயே முழித்தார். “நீயா? உனக்குத்தான் நீச்சல் தெரியாதே பிள்ள. நீ கரையில இருந்து பாத்துக்கலாம்ல. பை, சாப்பாடு எல்லாம் யாராச்சும் பாக்கணும்ல.”

கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் சுருக்கென்றது. சுருளி அருவியில் இவர்கள் மூன்று பேரும் குளித்தார்கள், நான் துணி பார்த்தேன். கும்பக்கரையில் இவர்கள் குளித்தார்கள், நான் போனும் சாவியும் பார்த்தேன். பொருட்காட்சியில் ராட்டினம் ஏறினார்கள், நான் கீழே நின்று கையாட்டினேன். யாரும் என்னை வராதே என்று சொன்னதில்லை. வருகிறாயா என்று கேட்டதும் இல்லை. நானும் கேட்க வைத்ததில்லை. ஊரையே வேலை வாங்குகிற நான், என் வீட்டில் பைக்குக் காவலாள் ஆனது எப்படி என்று அன்றுதான் யோசித்தேன். அழுகை வந்தது. வந்த கையோடு கோபமும் வந்ததால் அழுகை தங்கவில்லை, ஓடிவிட்டது.

மறுநாள் காலை ஸ்டோரில் எல்லோரும் இருக்கும்போது தராசில் ஏறினேன். எண்பத்தொரு கிலோ. மறைக்க என்ன இருக்கிறது, தினம் அத்தனை மேடு ஏறி இறங்கிச் சம்பாதித்த உடம்பு. கேரள எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வேலைக்கு வருகிற அம்மா ஒருவர், “சேச்சி, ஒரு மூட்டையும் அரை மூட்டையும் உண்டல்லோ” என்று சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே அதே குழுவில் எழுதினேன். அம்மா 81, மொத்தம் 230. அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி: எடையில் நான் இல்லாத படகு இந்த வீட்டுக்கு வேண்டாம்.

அவர் மத்தியானம் சாப்பிட வந்தபோது தொண்டையைக் கனைத்தார். “இல்ல, நாங்க பாத்து வச்சது மூணு பேரு போற படகு. லேசானது. உன்னையும் சேத்தா பெரிய படகால்ல பாக்கணும். அத எங்களால ஆள முடியுமான்னு தெரியல.”

“தெரியலைன்னா போய்ப் பாப்போம். காயத் தட்டுல கொட்டிப் பாக்காம யாராச்சும் வாங்குவாங்களா?”



கடைசிப் பறிப்பு முடிந்து மலையில் சோலி குறைந்த மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை கிளம்பினோம். எலுமிச்சம்பழச் சோறு கட்டினேன். ஆளுக்கு இரண்டு செட் மாற்றுத் துணி எடுத்து வைத்தேன், எனக்கும் சேர்த்து. சின்னவள்தான் வழி முழுக்கப் பேசிக்கொண்டு வந்தாள். தூத்துக்குடியில் பெரியவளை ஏற்றிக்கொண்டு அந்த ஊர் போய்ச் சேரும்போது மணி பத்து. கடல் சட்டியில் ஊற்றி வைத்த எண்ணெய் மாதிரி அசையாமல் கிடந்தது.

படகுக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். கறுத்து இறுகிய உடம்பு, காலில் செருப்பு கிடையாது, பேச்சும் அவ்வளவாகக் கிடையாது. விற்கிறவர் என்றால் பொருளைப் புகழ வேண்டாமா? அவர் இரண்டு படகுகளையும் மணலில் காட்டிவிட்டு, “பாருங்க” என்று ஒதுங்கி நின்றார்.

முதல் படகு பதினாலு அடி. ஃபைபர் மிதவைகள், வெள்ளை வெளேரென்று கண்ணாடி மாதிரி பளபளப்பு, சிவப்பில் ஒரே பாய். இரண்டு பேர் சேர்ந்தால் தூக்கிவிடலாம். என் வீட்டுக்காரர் அதைத் தடவிக் கொடுத்த விதத்தைப் பார்த்தால், பெண்ணைப் பார்த்துப் பிடித்துப்போன மாப்பிள்ளை தோற்றார். இரண்டாவது பதினாறு அடி. பெரிய பாய் ஒன்று, முன்னால் சுருட்டி வைத்துக்கொள்கிற சின்னப் பாய் ஒன்று. பாய்மரத்து உச்சியில் பூசணிக்காய் அளவுக்கு ஒரு மிதவை. நாலு பெரியவர்கள் போகலாம். ஆனால் பார்வைக்கு மந்தமான சாம்பல் நிறம், தடித்த பிளாஸ்டிக், அங்கங்கே கீறல்.

“இது நம்ம மொட்டமாடித் தண்ணித் தொட்டி செய்யுற பிளாஸ்டிக்குதானே” என்றார் என் வீட்டுக்காரர், முகத்தைச் சுளித்துக்கொண்டு.

அவர் குறையாகச் சொன்னது எனக்கு நல்ல சேதியாகக் கேட்டது. எங்கள் மாடித் தொட்டி பெரியவள் பிறந்த வருஷம் வைத்தது. அத்தனை வெயிலிலும் இன்றுவரை ஒழுகியதில்லை. ஏலக்காயிலும் அப்படித்தான், பச்சை நிறத்தைப் பார்த்து மயங்கி வாங்கியவர்கள் பிறகு மூட்டையைப் பிரித்துப் பார்த்துத் தலையில் கைவைத்ததை எவ்வளவோ பார்த்திருக்கிறேன். நான் இரண்டு படகையும் சுற்றிச் சுற்றி வந்தேன். விரலை மடக்கித் தட்டிப் பார்த்தேன். மூட்டுகளை ஆட்டிப் பார்த்தேன். பாறையில் உரசினால் என்ன ஆகும் என்று கேட்டேன். வெள்ளைப் படகு விரிசல் விடும், ஒட்ட ஆள் வேண்டும் என்றார் படகுக்காரர். சாம்பல் படகு கீறல் விழும், அவ்வளவுதான் என்றார். வேகம் எது என்று கேட்டேன். வெள்ளை என்றார். பிறகு நான் கேட்டேன்:

“கவுந்துருச்சுன்னா யாரு நிமித்துறது?”

படகுக்காரர் அப்போதுதான் என்னை முழுசாகப் பார்த்தார்.

“அக்கா, எல்லாரும் கடைசியா கேக்கத நீங்க மொதல்ல கேக்கிய” என்றார். “புதுசா பழகுத குடும்பம் கண்டிப்பா ஒரு நாளு கவுக்கும். தப்பில்ல. ஆனா நீங்களே நிமித்திக்கிடணும். பக்கத்துல ஆளு இருக்கும்னு நம்பிப் போகக் கூடாது. ரெண்டு படகுலயும் போயி, நீங்களே கவுத்து, நீங்களே நிமித்திக் காட்டுங்க. எத நிமித்துதீங்களோ அதத்தான் தருவேன். இல்லைன்னா யாவாரம் வேண்டாம்.”

அந்த மனிதரை எனக்கு அந்த நிமிஷமே பிடித்துப்போனது.

பதினொன்றரை மணிக்குக் கடலிலிருந்து கொண்டல் காற்று எழும்பியது. லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு மூன்று பேரும் வெள்ளைப் படகில் ஏறினார்கள். அது மூன்று பேர் படகு, நான் கரையில்தான் நிற்க வேண்டும். படகுக்காரர் தன்னுடைய சின்ன எஞ்சின் படகில் பக்கத்தில் போனார். என் வீட்டுக்காரர் சுக்கான் பிடித்தார். பிடித்தவர் செய்த முதல் காரியம், மகள்கள் இரண்டு பேரையும் தன் பக்கத்தில், படகின் பின்னோரத்தில் கொண்டுவந்து உட்கார வைத்ததுதான். இருபது வருஷம் மலையில் ஜீப் ஓட்டிய புத்தி. மேட்டில் லோடு ஏற்றும்போது கனத்தைப் பின்னால் போட்டால்தான் பின் சக்கரம் தரையைக் கவ்வும், இல்லாவிட்டால் சேற்றில் சுற்றிக்கொண்டு நிற்கும். கடலில் சக்கரம் ஏது? பின்பக்கம் தண்ணீருக்குள் அமுங்கி, முன்பக்கம் வானத்தைப் பார்த்துக்கொண்டு, படகு நகரமாட்டேன் என்றது. காற்றுக்கு எதிரே திருப்ப முயன்றால் பாதி திரும்பி நின்று, பின்னோக்கி வர ஆரம்பித்தது. பெரியவள் எவ்வளவோ சொன்னாள். “ஏத்தத்துல எடை பின்னாலதான் ஆத்தா இருக்கணும்” என்று அவர் பிடிவாதம் பிடித்தது கரைவரை கேட்டது.

“அண்ணாச்சி, முன்னால போங்க. இது ஜீப் இல்ல” என்று படகுக்காரர் கத்தினார். முன்னால் நகர்ந்ததும் படகு ஒழுங்காகப் போனது. மணலில் நின்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

ஆனால் சிரிப்பு ரொம்ப நேரம் நிற்கவில்லை. ஆள் ஆழத்துக்கு அப்பால் போய், மூன்று பேரும் ஒரே பக்கம் சாய்ந்து படகைக் கவிழ்த்தார்கள். அவரும் பெரியவளும் கீழ் மிதவையின் மேல் ஏறி நின்று, கயிற்றைப் பிடித்து வெளியே சாய்ந்தார்கள். வெள்ளைப் படகு கொக்கு மாதிரி எழுந்து நின்றது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அவர் கரையைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். நானும் தூக்கிக் காட்டினேன். வேறென்ன செய்ய? என் மகள்களும் என் வீட்டுக்காரரும் கடலில் படகைக் கவிழ்த்து நிமிர்த்துகிறார்கள், எனக்குப் பெருமை இல்லாமலா இருக்கும். ஆனால் தூக்கிய கையை மெதுவாகத்தான் இறக்கினேன். படகு அவர்களுக்குச் சரியாக அமைந்துவிட்டது. நான் இல்லாமலே.

கரைக்கு வந்தவர், “முடிஞ்சது சோலி. இதையே எடுத்துக்குவோம்” என்றார்.

“அந்தப் படகையும் பாத்துட்டுச் சொல்லுங்க” என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு மறு பேச்சில்லாமல் போனார்.

சாம்பல் படகை மூன்று பேரும் கவிழ்த்துவிட்டார்கள். பாய்மரத்து உச்சியில் இருந்த மிதவை அதை முழுக்கத் தலைகீழாகப் போக விடாமல் பக்கவாட்டில் பிடித்து நிறுத்தியது. அவரும் பெரியவளும் கீழ் மிதவை மேல் ஏறிச் சாய்ந்தார்கள். பாய்மரம் தண்ணீரை விட்டு ஒரு முழம் எழுந்தது. அப்படியே நின்றது. மறுபடி படுத்துக்கொண்டது. சின்னவளும் ஏறிக் கயிற்றில் தொங்கினாள். இரண்டு முழம் எழுந்தது. மறுபடி படுத்தது. நாலு தடவை, ஐந்து தடவை. கரையிலிருந்து பார்க்கும்போதே அவருக்குக் கை தளர்வது தெரிந்தது. படகுக்காரர் எஞ்சின் படகைத் திருப்பிக் கரைக்கு வந்தார். என்னைப் பார்த்து நேராகப் பேசினார்.

“கனம் பத்தல அக்கா. இந்தப் படகு நாலு பேருக்குள்ளது. நிமித்தவும் நாலு பேரு வேணும். நான் உங்களக் கொண்டுபோயி விடுதேன். ஆனா கை குடுக்க மாட்டேன். வாறியளா?”

எனக்கு நீச்சல் தெரியாது. எங்கள் ஊரில் கிணற்றில் குதித்து விளையாடுகிற வயதில் நான் வீட்டில் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடுப்பளவு தண்ணீரைத் தாண்டி என் உடம்பு போனதே இல்லை. அங்கே பச்சைத் தண்ணீரில் மூன்று தலைகள் தெரிந்தன. நான் போகாவிட்டால் ஒன்றும் ஆகிவிடாது. படகுக்காரரே நிமிர்த்திக் கரைக்கு இழுத்து வந்துவிடுவார், வெள்ளைப் படகை வாங்கிக்கொண்டு போவார்கள், வாரம் தவறாமல் நானும் வந்து எலுமிச்சம்பழச் சோறு பரிமாறுவேன். அதை நினைத்த மாத்திரத்தில் பயத்தை ஓரமாகத் தள்ளிக்கொண்டு கோபம் முன்னால் வந்தது.

“ஜாக்கெட்டக் கொண்டாங்க” என்றேன்.

சுடிதார் துப்பட்டாவை வண்டியில் வீசினேன். படகுக்காரர் ஜாக்கெட்டை மாட்டி வாரை இழுத்து இறுக்கினார். எஞ்சின் படகில் போகும்போது நடுப் பலகையை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்ததும் பதறினார்.

“நீ எதுக்கு வந்த? ஆழம் இங்க.”

“பேசாம கயித்தப் பிடிங்க.”

கவிழ்ந்து கிடக்கிற படகு பக்கத்தில் போனால் எவ்வளவு பெரியது! வலை சுவர் மாதிரி செங்குத்தாக நின்றது. எஞ்சின் படகின் விளிம்பிலிருந்து கீழ் மிதவைக்கு ஓர் அடிதான் தூரம். அந்த ஓர் அடி என் ஆயுசில் நான் வைத்த பெரிய அடி. மிதவை வழுக்கியது. வலைக்குள் விரலைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டேன். மழைக்காலத்து மலைச்சரிவில் ஏலச் செடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற கால்கள் இவை, எப்படி நிற்பது என்று அவற்றுக்கே தெரிந்திருந்தது. சின்னவள் முன்னால் நீந்திப் போய்ப் படகின் மூக்கைப் பிடித்துக்கொண்டாள், காற்றுக்கு நேராக இருக்கட்டும் என்று. நாங்கள் மூன்று பேரும் வரிசையாக நின்று கயிற்றைப் பிடித்தோம். நான் நடுவில்.

“இப்பச் சாயுங்க. காலை மடக்காதீங்க” என்று படகுக்காரர் தள்ளி நின்று சொன்னார்.

முதுகுக்குப் பின்னால் கடல் மட்டும்தான். என் மொத்தக் கனத்தையும் அதன் மேல் சாய்த்தேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பாயிலிருந்து தண்ணீர் வடிகிற சத்தம் கேட்டது. பாய்மரம் எழுந்தது, ஒரு முழம், இரண்டு முழம், முன்பு நின்ற இடத்தைத் தாண்டியது. “வருதும்மா, வருது” என்று பெரியவள் காதுக்குள் சொன்னாள். அதற்குமேல் மெதுவாக எதுவும் நடக்கவில்லை. படகு ஒரே தூக்காக நிமிர்ந்தது, நாங்கள் மூன்று பேரும் மல்லாக்கத் தண்ணீரில் விழுந்தோம். தலை உள்ளே போனது. மூக்கில் உப்பு. இரண்டு நொடி இருக்கும், ஜாக்கெட் என்னைத் தூக்கி மேலே விட்டது. கண்ணைத் திறந்தபோது படகு தன் இரண்டு காலிலும் நேராக நின்றுகொண்டிருந்தது. கயிறு இன்னும் என் கையில் இருந்தது.

மேலே ஏறுவதுதான் பெரும்பாடு. ஒருவர் கையை இழுக்க, இன்னொருவர் ஜாக்கெட்டைப் பிடிக்க, ஜீப்பில் மூட்டை ஏற்றுகிற மாதிரி என்னை ஏற்றினார்கள். மூன்றாவது முயற்சியில் வலையில் குப்புற விழுந்தேன். சின்னவள் சிரித்த சிரிப்பில் நானும் சிரித்தேன். திரும்பிப் படுத்தேன். முதுகுக்குக் கீழே வலை, அதற்குக் கீழே கடல் ஓடுவது தெரிந்தது.

பெரியவள் சுக்கானைப் பிடித்துப் பாயை இழுத்துக் கட்டினாள். நாலு பேரோடு படகு கிளம்பியது. வெள்ளைப் படகின் வேகம் இல்லைதான். ஆனால் திடமாகப் போனது, லோடு ஏற்றிய ஜீப் காலியான ஜீப்பைவிட அடங்கி ஓடுமே, அப்படி. கொஞ்ச தூரத்தில் காற்று ஒரு தள்ளுத் தள்ளியது. ஒரு பக்கத்து மிதவை தண்ணீரை விட்டுக் கிளம்பியது. யாரும் வாய் திறப்பதற்குள் நான் எழுந்து, கிளம்பின பக்கத்து ஓரத்தில் போய் உட்கார்ந்து வெளியே சாய்ந்துவிட்டேன். மிதவை அடங்கி இறங்கியது. குரங்கணிக்கு மேலே ஜீப் ஒரு பக்கம் சாய்ந்தால் ஓட்டுகிறவர் “மேப்பக்கம்” என்று ஒரு குரல் கொடுப்பார், அத்தனை பேரும் மேட்டுப் பக்கம் நகர்ந்துவிடுவோம். வருஷக்கணக்கில் தினமும் செய்கிற காரியம். குரல் இல்லாமலே உடம்பு நகர்ந்துவிட்டது.

எஞ்சின் படகு பக்கத்தில் வந்தது. “அக்கா, முன்னயே பழகியிருக்கியளா?” என்று படகுக்காரர் கேட்டார்.

“குரங்கணி ரோட்டுல” என்றேன். அந்த ஒரு நிமிஷத்துக்கு நான் கொண்ட பெருமையை எங்கே வைப்பது என்று எனக்கே தெரியவில்லை.

கரைக்கு வந்து, மகள்கள் இரண்டு பேரும் பாயை இறக்கிக்கொண்டிருந்தார்கள். முழங்கால் தண்ணீரில் படகைப் பிடித்துக்கொண்டு நானும் அவரும் நின்றோம். எனக்குக் குளிரில் தாடை அடித்தது. அவர் என்னைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துப் பேசினார்.

“பிள்ளைகளுக்கு நீச்சல் தெரியும். விழுந்தா தேடிப் பிடிச்சுருவேன். உன்ன... உனக்கு ஏதாச்சும்னா என்னால முடியுமான்னு தெரியல. அதான் உன் எடையப் போடல. பை பாக்கணும்னு சொன்னது சும்மா.”

இருபத்திரண்டு வருஷத்தில் அவர் எதையும் முடியாது என்று என்னிடம் ஒப்புக்கொண்டு நான் கேட்டதில்லை. எனக்குச் சண்டை போட எவ்வளவோ இருந்தது. சேர்த்து வைத்ததில் பாதி அந்தத் தண்ணீரிலேயே போய்விட்டது.

“கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல” என்றேன்.

“என்னன்னு?”

“எனக்கும் பயம்தான், இருந்தாலும் வர்றேன்னு.”

அவர் தலையை ஆட்டினார். படகுக்காரர் மணலில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எந்தப் படகு அண்ணாச்சி?”

ஏல மையத்தில் எனக்குத் தெரிந்து யாரையும் கலந்துகொள்ளாமல் முடிவு சொல்கிற மனிதர் இவர். என் பக்கம் கையைக் காட்டினார். “அவகிட்டயே கேளுங்க.”

“சாம்பல் கலரு” என்றேன். நடுக்கத்தில் வார்த்தை இரண்டாக உடைந்து வந்தது.

படகுக்காரர் சரி என்றார். கொட்டகைப் பக்கம் நடந்தவர், ஏதோ நினைத்துக்கொண்டு திரும்பினார். படகோடு ஜாக்கெட்டும் சேர்த்துத் தருவாராம். “எத்தனை எடுத்து வைக்கட்டும்?”

“நாலு” என்றார் என் வீட்டுக்காரர், நான் வாயைத் திறப்பதற்குள். பிறகு என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார், “ஒண்ணு மட்டும் பெருசா இருக்கட்டும்.”

எனக்குக் கோபமே வரவில்லை.